இளமையில் நான் கண்ட பத்தாண்டு

வயது முதிர்ந்தவர்கள் தம் இளமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அக்காலத்தில் எல்லாமே செம்மையாக இருந்தன என்று முடிப்பது வழக்கம். நான் அவ்வாறு சொல்லப்போவதில்லை. என் இளமை 1970களில் கழிந்தது. அது கொந்தளிப்பு மிகுந்த பத்தாண்டு. அதில் நான் கற்ற பாடம் ஒன்றையும், தவறிய இடம் ஒன்றையும் உங்கள்முன் வைக்கிறேன்.

நான் பிறந்தது ஜவ்வாது மலையில், சாமையும் கேழ்வரகும் விளையும் சிற்றூர் ஒன்றில். அன்று அது வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. மின்விளக்கு எங்கள் ஊரை எட்டவில்லை. ஆயினும் அதே மலையில், காவலூரில், 1968ஆம் ஆண்டு முதல் ஒரு தொலைநோக்கி வானை ஆராய்ந்துகொண்டிருந்தது. வானியல் அறிஞர் வைணு பாப்பு அவர்களின் முயற்சி அது. 1972இல் ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தார் செய்த 1 மீட்டர் தொலைநோக்கியும் அங்கு வந்து சேர்ந்தது. “நமக்கு இருட்டு ஒரு குறை, அவர்களுக்கு அதுதான் செல்வம்” என்று என் தந்தையார் சொல்லி நகைப்பார்.

1975இல் பதினோராம் வகுப்பை முடித்து, ஆசிரியப் பயிற்சி பெற மலையிறங்கினேன். அவ்வாண்டு ஜூன் 25ஆம் நாள் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. தலைவர்கள் பலர் சிறைப்பட்டனர். நாளேடுகள் தணிக்கைக்கு உள்ளாயின. வானொலியிலும் அரசு விரும்பிய செய்தியே ஒலித்தது. அக்டோபர் 2ஆம் நாள் காமராசர் மறைந்தார். 1976 ஜனவரி 31இல் தமிழக அரசு கலைக்கப்பட்டது. அதன்பின் அச்சம் எங்கள் விடுதிக்குள்ளும் புகுந்தது.

என் அறைத் தோழன் ஒருவன், கைதானவர்களைப் பற்றித் தான் கேள்வியுற்ற செய்திகளைக் கையால் எழுதி நண்பர்களுக்குக் கொடுத்தான். நானும் படித்தேன், இரவெல்லாம் அவனோடு விவாதித்தேன். தாள் ஒன்று மேலிடத்தார் கையில் சிக்கியது. என்னை அழைத்துக் கேட்டார்கள். அதில் அவதூறு ஒன்றுமில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். வீட்டின் வறுமையும் மூன்று தங்கையரும் நினைவுக்கு வந்தனர். “எனக்கு ஒன்றும் தெரியாது, ஐயா” என்றேன். அவன் தனித்து நின்றான். பயிற்சியை முடிக்காமலே ஊர் திரும்பினான்.

மறு ஆண்டு, 1977 மார்ச் 10ஆம் நாள் இரவு, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனைக் கடந்து செல்வதைக் காவலூரில் கவனித்தார்கள். எதிர்பார்த்த நேரத்துக்கு முன்னரே விண்மீனின் ஒளி சற்று மங்கிற்று. கண்டதை அப்படியே பதிவு செய்தார்கள். புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று முதலில் கருதினார்கள். இந்தியப் பெருங்கடலின்மேல் பறந்த அமெரிக்க விமானத்தின் தொலைநோக்கியிலும் இத்தகைய மங்கல்கள் பதிவாயின. கோளின் இருபுறமும் அவை ஒத்திருந்தமையால், யுரேனசைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பது தெளிவாயிற்று. அதே மாதம் பொதுத்தேர்தல் நடந்தது. 21ஆம் நாள் நெருக்கடி நிலையும் விலக்கப்பட்டது.

பின்னாளில் இச்செய்தியை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எனக்கு நாணம் உண்டாகும். அவர்களின் முதற் கருத்து பிழைதான். ஆயினும் கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தமையால் பிறர் அதைத் திருத்த முடிந்தது. நானோ கண்டதைக் காணவில்லை என்றேன். அதைத் திருத்துவார் யார்?

ஆண்டுகள் பல கழிந்தபின், அந்தத் தோழன் தன் மகனைச் சேர்க்க என் பள்ளிக்கு வந்தான். பாரவண்டி ஓட்டிப் பிழைப்பதாகச் சொன்னான். பழைய நிகழ்ச்சியைத் தயங்கித் தொடங்கினேன். “அதை விடப்பா. இவனுக்குக் கணக்கு வராது, நீ பார்த்துக்கொள்” என்றான். அந்தப் பையனுக்கு நாள்தோறும் மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். என்னால் இயன்றது அவ்வளவே.

1977இல் பதினெட்டு வயதினனாகிய எனக்கு வாக்குரிமை இல்லை; அன்று வரம்பு 21. 1989 முதல் 18 வயதிலேயே அவ்வுரிமை உங்களுக்குக் கிட்டுகிறது. அதனைப் போற்றுங்கள். அதற்கும் முன்னதாக, பக்கத்தில் இருப்பவனுக்காக உண்மையைச் சொல்லப் பழகுங்கள். அதற்கு எக்காலத்திலும் வயது வரம்பு இருந்ததில்லை.