ஐந்து பெண்களின் இசைத்தட்டு



சென்ற பள்ளி விடுமுறையில் நாங்கள் ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் சென்று, ஜூரோங்கில் எங்கள் பழைய மாணவி ஒருத்தியின் அடுக்குமாடி வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். ஜூரோங் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். 1963ஆம் ஆண்டிலேயே ஜப்பானியரோடு கூட்டாக அங்கே கப்பல் பட்டறை அமைத்தார்கள். 1973இல் ஜப்பானியப் பூங்காவும் திறந்தார்கள். ஆகவே அங்கே ஜப்பானியப் பாட்டு ஒன்று நம் காதில் விழுந்தால் வியப்பதற்கில்லை. மாணவியோடு வேலை பார்த்த ஜப்பானிய அம்மாள் ஒருவர் ஊர் திரும்பும்போது ஓர் இசைத்தட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அதைப் போட்டுக் காட்டினாள்.

'பிரின்சஸ் பிரின்சஸ்' என்னும் குழுவின் 'சிங்கிள்ஸ் 1987–1992' அது. தனித்தனியாக வெளிவந்த பாடல்களை ஒன்றுசேர்த்து 1992இல் வெளியிட்ட தொகுப்பு. நம் கடைகளில் இன்னாருடைய ஹிட்ஸ் என்று கேசட் விற்றார்கள் அல்லவா, அதுபோலத்தான். ஆனால் ஒரு வேறுபாடு. நம் கேசட்டில் பாடுகிறவர் பெண்ணாக இருப்பார். பின்னால் வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இந்தக் குழுவிலோ ஐவரும் பெண்கள். கவோரி ஒகுய் பாடுகிறார். கனாகோ நகாயாமா கித்தார், அட்சுகோ வத்தனாபே பேஸ் கித்தார், தொமோகோ கொன்னோ கீபோர்டு, கியோகோ தொமித்தா டிரம்ஸ். பாட்டு எழுதுவதும் மெட்டமைப்பதும் அவர்களேதாம்.

டி.டி.கே. என்ற பெயர் நமக்குத் தெரியும்; கல்யாணப் பாட்டைப் பதிந்து வைத்த வெற்றுக் கேசட்டின்மேல் பார்த்த பெயர். அந்த நிறுவனத்தைச் சார்ந்த இசைக் கம்பெனி 1983இல் நடத்திய தேர்வில் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் இவர்கள். அப்போது 'அகாசாகா கொமாச்சி' என்று பெயர். பிறகு அங்கிருந்து விலகி, 1986இல் இப்போதைய பெயரை ஏற்றார்கள்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். 'உலகிலேயே மிக வெம்மையான கோடை' என்று பொருள்படும் பாட்டு ஒன்று இத்தொகுப்பில் உண்டு. எழுதியவர் டிரம்ஸ் அடிக்கும் தொமித்தா. 1987இல் வெளியிட்டபோது அது பெரிதாக விலைபோகவில்லை. அதையே மறுபடி பதிந்து 1989இல் வெளியிட்டார்கள். அவ்வாண்டு ஜப்பானில் அதிகம் விற்ற தனிப்பாடல் இவர்களுடைய 'டயமண்ட்ஸ்'; இரண்டாவது இந்தக் கோடைப்பாட்டு! அதே 1989 சனவரியில் தோக்கியோவின் புடோகான் அரங்கில் தனி நிகழ்ச்சி நடத்தினார்கள். பெண்கள் மட்டுமே கொண்ட குழு அங்கே அவ்வாறு நடத்தியது அதுவே முதல் தடவை. தொகுப்பை வாங்கிக் கேட்கிறவருக்கு அந்த இரண்டு ஆண்டுகள் காதில் விழாது. எல்லாம் வெற்றிப் பாட்டு!

1996இல் குழு கலைந்தது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, துயருற்றோருக்கு நிதி திரட்ட 2012இல் மீண்டும் கூடினார்கள். அந்த நிதியின் உதவியால் செண்டாய் நகரில் எழுந்த இசையரங்கம் 2016இல் திறக்கப்பட்டது.

பாட்டு முடிந்ததும் மாணவி சிரித்துக்கொண்டே, "டீச்சர், எனக்கு நீங்க டிங்டிங்தானே கொடுத்தீங்க?" என்றாள். எங்களுக்கு நினைவு வந்தது. ஆறாம் ஆண்டு படிக்கையில் பள்ளி வாத்தியக் குழுவில் அவள் முரசு கேட்டாள். பெண்பிள்ளைக்கு அது கனம் என்று சொல்லி, முக்கோணக் கம்பியைக் கையில் கொடுத்தோம். முரசைத் தூக்கியது அவளைவிட மெலிந்த ஒரு பையன்! ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு யாரும் அப்படிச் சொல்லித்தரவில்லை. நாங்களாகவே சொன்னது.

ஜப்பான் வரை போவானேன்? மயிலாடுதுறையில் பிறந்த சுகன்யா ராம்கோபால் கடம் வாசிப்பவர். பெண்களே வாசிக்கும் தாளவாத்தியக் குழுவை 1995இல் அமைத்தார். இது தெரியாமலா இருந்தோம்? தெரிந்தும் டிங்டிங் கொடுத்தோம்.

இவ்வாண்டு முரசுக்குப் பெயர் கொடுத்தவர்களில் மூவர் பெண்பிள்ளைகள். தோளில் மாட்டும் வார் அவர்களுக்கு நீளமாக இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மாரில் தையல் தெரிந்தவர் யாரேனும் சனிக்கிழமை காலை பள்ளிப் பக்கம் வந்தால், அதைக் குறுக்கித் தைத்துவிடலாம்.