காயம் ஆறியும் தூக்கம் வராதபோது



2004 டிசம்பர் 26 சுனாமி உங்களுக்கு நினைவிருக்கும். நம் கடலூர் மாவட்டக் கரையில் கடல் வடிந்த பிறகும் பல பிள்ளைகள் கரைப்பக்கம் போக மறுத்தார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் தமிழகத்தில் உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். விளையாட விட்டு, படம் வரைய விட்டு, பிள்ளைகளை மெல்லப் பேசவைத்தார்கள்.

அவ்வளவு பெரிய பேரிடர்தான் வேண்டும் என்றில்லை. சூளையில் தீப்பட்டவருக்கும், சாலை விபத்தை நேரில் பார்த்தவருக்கும் இது வரும். புண் ஆறிவிடும். ஆனால் ராத்திரி திடுக்கிட்டு எழுவார். சின்னச் சத்தத்துக்கும் பதறுவார். அந்த இடத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போவார். முதல் சில வாரம் இது இயல்பு, பெரும்பாலோருக்குத் தானாகக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா?" என்று வீட்டில் கேட்பார்கள். அட்மிட் ஆக வேண்டியதில்லை. புறநோயாளியாக வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம்போலப் பேசுவது. பெரும்பாலும் 8 முதல் 12 முறை. ஒதுக்கிவைத்த நினைவை ஆலோசகர் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாக அணுகுவதுதான் சிகிச்சை. இடையில் வேலைக்கும் போகலாம்.

அக்கம்பக்கத்தாருக்கு ஒன்று. விசாரிக்கப் போய், "எப்படி நடந்துச்சு, மொதல்லேர்ந்து சொல்லு" என்று கேட்காதீர்கள். வற்புறுத்திச் சொல்லவைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டு வாருங்கள்.

எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ், 2022 முதல் இயங்குகிறது. இலவசம், நடுராத்திரியிலும் தமிழிலேயே பேசலாம்.