சிகரெட்டுத் துண்டும் நகராட்சித் துடைப்பமும்



புதுவைக் கடற்கரைச் சாலை மாலையில் வண்டிகள் நிறுத்தப்பட்டு, உலாவ வருவோர்க்கே உரியதாகிவிடுகிறது. மறுநாள் விடியலில் துடைப்பத்தோடு வருபவர்கள் காகிதத்தையும் கடலைத் தோலையும் எளிதில் வாரிவிடுகிறார்கள். சிகரெட்டுத் துண்டுகளோ கற்களின் இடுக்கிற் புகுந்துகொண்டு அகப்பட மறுக்கின்றன. ஊர் நடுவே செல்லும் பெரிய வாய்க்காலில் விழுந்தவை மழை வந்ததும் கடலைச் சேர்கின்றன.

துண்டின் நுனியில் இருப்பது பஞ்சு என்றே பலரும் எண்ணுகின்றனர். அது பஞ்சன்று; செல்லுலோஸ் அசிடேட் என்னும் பிளாஸ்டிக் இழை. எளிதில் மட்காது, தான் வடிகட்டிய நிக்கொட்டின் முதலிய நஞ்சுகளை நீரிற் கசியவிடும். பீடியில் இவ்விழை இல்லை. (அதனால் பீடி நல்லது என்று யாரும் கொள்ள வேண்டா!)

இதனை அகற்றும் செலவு யாருடையது? சிகரெட்டின் மீதான வரி பொதுக் கருவூலத்துக்குப் போகிறது. துடைப்பமோ நகராட்சியின் கையில் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடத்தில் புகைப்பவர்க்கு 200 ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. அது புகையைக் கருதியதேயன்றித் துண்டைக் கருதியதன்று. 2020-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், துண்டுகளை அகற்ற நெறிமுறை வகுக்குமாறு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைப் பணித்தது. 2022 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்த பிளாஸ்டிக் தடையிலோ ஒரு வேடிக்கை உண்டு. சிகரெட்டுப் பெட்டியின்மேற் சுற்றிய மெல்லிய தாள் தடுக்கப்பட்டது. உள்ளிருக்கும் பிளாஸ்டிக் நுனி தப்பிவிட்டது!

1954 வரை நம் ஊரை ஆண்ட பிரான்சு, 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இப்பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் ஏற்றியது. அவர்கள் சேர்ந்து அமைத்த அல்கோம் என்னும் நிறுவனம், நகராட்சிகளுக்குக் குடிகளின் எண்ணிக்கைக்கேற்பப் பணம் தருகிறது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2009-இல் பெட்டிக்கு 20 சென்ட் துப்புரவுக் கட்டணம் விதித்தது.

வேறொரு வழியும் உண்டு. நீலகிரியில் 2022 முதல் மதுப்புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, வெற்றுப் புட்டியைத் திருப்பினால் அப்பணத்தைத் தருகிறார்கள். புட்டியை எண்ணலாம், எச்சில் படிந்த துண்டுகளை எந்தக் கடைக்காரர் எண்ணி வாங்குவார்? ஆதலின் உற்பத்தியாளரிடமே பெறுவதுதான் நமக்கு ஏற்றது என்பது என் கருத்து. கட்டணம் கொடுத்துவிட்டோமே என்று துணிந்து எறிவாரும் தோன்றக்கூடும். அவர்களுக்குத் தண்டமும் இருக்கட்டும்.

இங்கே அத்தகைய கட்டணம் வருமானால், அதனைக் கருவூலத்திற் கலக்கவிடாது தனிக்கணக்கில் வைத்தல் வேண்டும். கடற்கரையிற் சாம்பற்கலங்கள் வைக்கவும், பெரிய வாய்க்காலின் கடல்முகத்தில் வலைத்தடுப்பு அமைக்கவும், முதற்கண் விடியலில் குனிந்து பெருக்குவோரின் ஊதியத்தை உயர்த்தவும் அத்தொகை செல்லுதல் வேண்டும்.