என்னத்தப் புடுங்குன?

இன்னைக்கு ஒரே ஒரு வினைச்சொல். பிடுங்கு. பேச்சுல, புடுங்கு.

ஐடி ஆளுங்களுக்கு இது ரொம்ப நெருக்கமான சொல். 2001-ல வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தோட வடிவேலு ஆணி காமெடிக்கு அப்புறம், ஆபீஸ் வேலைக்கே 'ஆணி'ன்னு பேர் வந்துடுச்சு. "சண்டே கூட ஆணி புடுங்குறேன்டா"ன்னா சிரிப்போம். ஆனா "நீ என்னத்தப் புடுங்குன?"ன்னு கேட்டா சண்டை வரும். அந்தக் கேள்வியில செயப்படுபொருளோட பேர் இருக்காது. எதைங்கறது கேக்குறவனுக்கும் தெரியும், கேட்டுக்கிறவனுக்கும் தெரியும்.

போன வருஷம் அதை எங்க அப்பாகிட்டயே கேட்டுட்டேன். நான் வேலையை விடப்போறேன்னு சொன்னதுல வந்த வாக்குவாதம். "முப்பது வருஷமா வயல்ல நீங்க என்னத்தப் புடுங்குனீங்க?"

அவர் கத்தல. "நாத்து"ன்னார். எழுந்து போயிட்டார்.

மறுநாள் காலையில நாற்றங்கால்ல அவர் பக்கத்துல நானும் இறங்கினேன். நுனியைப் பிடிச்சு இழுத்தேன், பாதியில அறுந்து வந்துச்சு. "அடியில பிடி. கொஞ்சம் கொஞ்சமா எடு." அன்னைக்கு அவர் பேசினதே அவ்வளவுதான். வேர்ல ஒட்டின சேத்தைத் தண்ணியில அலசி, முடி முடியா கட்டி, நடவு வயலுக்குக் கொண்டு போனோம். மதியத்துக்குள்ள எனக்கு இடுப்பு நிமிரல.

அப்புறம்தான் யோசிச்சேன். தமிழ் இதுல எவ்வளவு கறாரா இருக்கு பாருங்க. பூவைப் பறிக்கிறோம், கீரையைக் கிள்ளுறோம், கதிரை அறுக்கிறோம். வேரோட வெளிய வரணும்னாதான் பிடுங்குறோம்: நாத்து, களை, கடலைச்செடி. பல்லு, ஆணி, குழந்தை கையில இருக்கிற போன், எல்லாத்துக்கும் அதே சொல்தான். ஏதோ ஒண்ணு இறுக்கிப் பிடிச்சிருக்கு, அதை நாம இழுக்கிறோம்.

ஆனா பிடுங்கின பிறகு என்னங்கறதை அந்தச் சொல் சொல்லாது. களையைப் பிடுங்கினா வரப்புல வீசுவோம். நாத்தைப் பிடுங்கினா நடுவோம். ரெண்டும் ஒரே கை, ஒரே இழுப்பு.

நான் களைன்னு நெனச்சுக் கேட்டேன். அவர் நாத்துன்னு பதில் சொன்னார்.

நான் இன்னும் வாய்விட்டு மன்னிப்பு கேக்கல. இந்த எபிசோடை முதல்ல அவருக்குத்தான் அனுப்பப் போறேன்.

உங்க வீட்ல இந்தச் சொல்லை எதுக்கெல்லாம் சொல்வாங்க? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.