லூபஸ் நோயும் தேகப் பருமனும்

(சங்க மாதர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், லூபஸ் என்னும் நோயுடையார்க்குத் தேகப் பருமனால் விளையும் துன்பத்தைப் பற்றியதாம். லூபஸ் என்பது லத்தீன் பாஷையில் ஓநாயைக் குறிக்கும் சொல். கிருமிகளை எதிர்த்து நம்மைக் காக்கவேண்டிய சக்தியானது, காவற்காரனே வீட்டாரை அடிப்பதுபோலத் தன் சரீரத்தையே தாக்குவது இந்நோய். தோல், மூட்டு, சிறுநீரகம், இருதயம் முதலிய பல உறுப்புக்களையும் இது பற்றும். ஆயினும் பிறர்க்குத் தொற்றுவதன்று. நோயுற்றார் பதின்மரில் ஏறக்குறைய ஒன்பதின்மர் பெண்கள். பெரும்பாலார்க்கு 15 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையிலேயே இது தோன்றுகின்றது. ஆதலின் இது குடும்பத்தார் அனைவரும் அறியவேண்டிய விஷயமாகும்.

கொழுப்பு என்பது வாளா கிடக்கும் சுமையென்று முன்னாளில் எண்ணினர். 1994-ஆம் ஆண்டில் லெப்டின் என்னும் பொருள் கொழுப்பிலிருந்தே சுரக்கின்றதெனக் கண்டபின், அதுவும் ஒரு சுரப்பிபோல் வேலை செய்வது தெளிவாயிற்று. மிகுந்த கொழுப்பு, அழற்சியை வளர்க்கும் பொருள்களை இரத்தத்திற் கலக்கின்றது. முன்னமே அழற்சியால் வருந்தும் தேகத்திற்கு இஃது எரிகின்ற அடுப்பில் மேலும் விறகிடுதலை ஒக்கும். பருமனுடைய லூபஸ் நோயாளிகள் களைப்பும் வலியும் மனச்சோர்வும் மிகுதியாக அடைவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

இதனினும் பெரிய அபாயம் இருதயத்தைப் பற்றியது. 1976-ல் கானடா தேசத்து டொராண்டோ நகரில் டாக்டர் யூரோவிட்ஸ் என்பாரும் அவர் குழுவினரும், நோய் தொடங்கிச் சில ஆண்டுகளில் இறப்போர் நோயின் உக்கிரத்தாலும் கிருமித் தொற்றாலும் இறக்க, பல ஆண்டு பிழைத்திருந்தோரிற் சிலர் மாரடைப்பால் மாள்வதை எடுத்துக்காட்டினர். 1997-ல் அமெரிக்காவிற் பிட்ஸ்பர்க் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட கணக்கில், 35 முதல் 44 வயது வரையுள்ள லூபஸ் நோயுற்ற பெண்கட்கு மாரடைப்பு ஏனைய பெண்களினும் 50 மடங்குக்கு மேலாக நேர்ந்தமை தெரியவந்தது. பருமனும், அதனைத் தொடரும் இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் இதனோடு சேரின் அபாயம் பெருகுமென்று சொல்லவும் வேண்டுமோ?

இது நிற்க. “வாயைக் கட்டாமையாற் பருத்தாள்” என்று நோயாளியை நிந்தித்தல் தகாது. பிரெட்னிசோலோன் முதலிய ஸ்டீராய்டு மருந்துகள் பசியைப் பெருக்கி, முகத்திலும் பிடரியிலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்க்கும். மூட்டுவலியோ நடமாட்டத்தைக் குறைக்கும். விவாக காலத்தில் முகம் உப்பிற்றென்று மருந்தைச் சடுதியில் நிறுத்துவோரும் உளர். இதனிற் கொடிய தீங்கு வேறில்லை. நெடுநாள் அம்மருந்துண்டவர்க்கு அட்ரினல் சுரப்பி தன் தொழிலில் தளர்ந்திருக்குமாதலால், திடீரென நிறுத்துதல் உயிர்க்கே கேடாகும். வைத்தியரே அதனைப் படிப்படியாய்க் குறைத்தல் வேண்டும். நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் அளவுக்கு மேற்படாமல் கொண்டுவருவதையும், கூடுமாயின் முற்றும் விடுவிப்பதையும் ஐரோப்பிய வாதநோய் வைத்தியரின் கூட்டமைப்பு 2023-ல் இலக்காக வகுத்துள்ளது.

மருந்துண்ணுங்காலத்தில் எடை குறைதல் இயலுமோவெனின், இயலும். லண்டனில் ஸ்டீராய்டு உட்கொண்டிருந்த 23 பெண்களை 6 வாரம் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்துப் பார்த்தனர். எடையும் குறைந்தது, களைப்பும் தணிந்தது என 2012-ல் வெளியிட்டனர்.

ஆதலால் சோற்றைச் சுருக்கிக் காய்கறியையும் கீரையையும் பெருக்குக. எண்ணெய்ப் பலகாரமும் இனிப்பும் அருகுக. ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றின் உப்பு உடம்பில் நீரைத் தேக்கும். வெயில் இந்நோயைத் தூண்டுமாதலால், சூரியோதயத்திற்கு முன்போ அஸ்தமனத்திற்குப் பின்போ இயன்ற அளவு உலாவுக. உடலிளைக்கும் என்று விற்கப்படும் பொடிகளையும் லேகியங்களையும் வைத்தியரைக் கேளாமல் உண்ணற்க. சில நாட்களுக்குள் எடை மிகுந்து, காலும் கண்ணிமையும் வீங்கி, சிறுநீர் நுரைக்குமாயின், அது கொழுப்பன்று; சிறுநீரகத்தை நோய் பற்றியதன் குறியாகலாம். அன்றே வைத்தியரிடம் செல்க.

தாய்மார்களே! ஒருத்தியைப் பத்தியத்தில் இருத்திவிட்டு ஏனையோர் அவள் எதிரில் விருந்துண்ணல் முறையன்று. அவளுக்கு ஆகும் உணவு வீட்டார் எல்லோர்க்கும் நன்மையே செய்யும். ஆதலால் ஒரே உலையில் சமைத்து, ஒரே பந்தியில் உண்ணுங்கள். அவள் உடம்பைக் குறித்து ஏளனம் பேசுவாரைத் தடுங்கள். மருந்தை விடாமலும் மனந்தளராமலும் அவள் இருப்பதற்கு அதுவே பெருந்துணை.