அண்ணன் தீர்ப்பு, தம்பி கடமை

பழவேற்காடு ஏரியில் யார் எங்கே வலை விரிப்பது என்பதைப் 'பாடு' முறை தீர்மானிக்கிறது. அது மீறப்பட்டுத் திருப்பாலைவனம் காவல் நிலையத்துக்கு ஒரு வழக்கு வந்தால், பெரிய குப்பம், சிறிய குப்பம் என்று பாராத அதிகாரியைத்தான் மக்கள் எதிர்பார்க்கிறார்கள். ஓய்வுபெற்ற காவலரை நினைவுகூரவும் பதக்கங்களைவிட இதுவே சரியான அளவுகோல் என்பேன்.

2019 ஜூனில் 91 வயதில் மறைந்த வி.ஆர். லட்சுமிநாராயணனைப் பாருங்கள். தமிழகக் காவல்துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரின் தம்பி. 1975 ஜூன் 24 அன்று தேர்தல் வழக்கில் இந்திரா காந்திக்கு உச்ச நீதிமன்றத்தில் நிபந்தனையோடு இடைக்காலத் தடை வழங்கியவர் அண்ணன். 1977 அக்டோபர் 3 அன்று அதே இந்திரா கைதானபோது சிபிஐயின் இணை இயக்குநர் தம்பி. ஒரே வீட்டில் வளர்ந்த இருவர்! ஒருவர் அவருக்குச் சாதகமானவர், மற்றவர் பாதகமானவர் என்று பார்ப்பது மேலோட்டம். எதிரில் நிற்பவர் யார் என்று பாராமல், இருவரும் சட்டத்தைத்தான் பார்த்தார்கள்.

மறுநாளே நீதிமன்றம் இந்திராவை விடுவித்துவிட்டதே, அந்தக் கைது தோல்விதானே என்று கேட்கலாம். ஆதாரம் போதாது என்று நீதிமன்றம் சொன்னது உண்மை. விசாரணையின் அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முன்னாள் பிரதமரையும் நீதிபதி முன் நிறுத்துவது காவல்துறையின் வேலை, விடுவிப்பது நீதிமன்றத்தின் வேலை. அன்று இரண்டும் நடந்தன. 1980-இல் இந்திரா மீண்டும் பிரதமரானார்; அதன் பிறகும் லட்சுமிநாராயணன் காக்கிச் சட்டையில்தான் இருந்தார்.