கையொப்பத்துக்கு முன் பத்து நிமிடம்



எங்களில் வைத்தியர்களான பலர் தெற்கிலும் பணியாற்றுகிறோம். சத்திரசிகிச்சைக்கு முன், சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட சம்மதப் பத்திரத்தில், அதை வாசிக்கத் தெரியாத ஒரு தமிழ்த் தாயிடம் கெதியாகக் கையொப்பம் வாங்கச் சொல்வார்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது; எல்லா விடுதிகளுக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.

விளங்காமல் இட்ட கையொப்பம் சம்மதமாகாது. வேலையை மறுக்க வேண்டியதில்லை. மனச்சாட்சியை மறைக்கவும் வேண்டியதில்லை. "பத்து நிமிடம் தாருங்கள் சேர், விளங்கப்படுத்திவிட்டு வாங்குகிறோம்" என்போம். முகம் சுளித்தால் பொறுப்போம். விளங்கப்படுத்தியதை நோயாளியின் குறிப்பேட்டிலும் எழுதிவைப்போம். யாழ்ப்பாணத்துக்கு வரும் சிங்களத் தாய்க்கும், மொழி தெரிந்தவரை அழைத்து, இதையே செய்வோம்.

பணிவும் நிமிர்வும் இங்கே கற்றவை.